வலது உறை, நாற்பத்தொன்று

பீன்யா இரண்டாம் கட்டத்தில் எங்கள் பட்டறைக்கு
ஸ்டோர் என்பது
ஒரு பீரோ, ஒரு பேரேடு, நான்.

தோல் உறை ஜோடி நூற்றெண்பது ரூபாய்.
ஜோடியாகத்தான் விற்கிறார்கள்.
ஜோடியாகத் தேய்வதில்லை.
வலக்கை டார்ச் பிடிக்கும்.
இடக்கைதான் கேட் கம்பியைத் தாங்கும்,
பற்றுவைத்த இடம் கறுக்கும் முன்னே புரட்டிப் போடும்.
இடது பொத்தலாகி வரும்,
வலது புதுசாகவே திரும்பும்.
இடக்கைக்காரன் சனாதன் ஒருவன்தான்,
பாலேஸ்வரிலிருந்து வந்தவன், எனக்கு லாபம்.
மற்றபடி கீழ்த்தட்டில்
நாற்பத்தொரு வலது உறைகள்
எந்தப் பேருந்தையோ நிறுத்தக் கைகாட்டியபடி.

போன வருஷம் பலகை எழுதியது நான்தான்.
'உறை இல்லையேல் வேலை இல்லை.'
கன்னடம், இந்தி, தமிழ்,
மூன்றிலும் ஓசை பார்த்து, சிவப்புப் பெயின்டில்.
போகிறவர் வருகிறவர் படித்தால்
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ருத்ரேஷ் படித்தான்.
வெல்டிங் மேஜையிலிருந்து அப்படியே எழுந்து
டிரில் மெஷினுக்குப் போனான், உறையோடு.
ஆயுத பூஜைக் குங்குமம் அதன் நெற்றியில் இருந்தது.
சுழல்கிற பிட்டைச் சுற்றி
இரும்புச் சுருள் சேர்ந்துவிட்டது.
தட்டிவிட வலக்கையை நீட்டினான்.
அது இழுத்தது விரலை அல்ல,
உறையை.
விரல் உள்ளே இருந்தது.

ஈ.எஸ்.ஐ. படிவத்தில் ஒரு கேள்வி:
விபத்தின்போது பாதுகாப்புச் சாதனம் அணிந்திருந்தாரா?
ஆம் என்று டிக் போட்டேன்.
ஆமாம், அதனால்தான்
என்றெழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.
யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.
வேணுகோபால் சார், அவன் நேரம் என்றார்.
தேவசகாயம் அண்ணன் பலகையைப் பார்த்தார்,
என்னைப் பார்க்காமல் டீ குடித்தார்.

பலகையை நானே கழற்றினேன்.
புதிதாக ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.
அண்ணனைக் கூப்பிட்டு
டிரில் தூணில், சுவிட்சுக்குப் பக்கத்தில்,
இரண்டு கொக்கி பற்றவைக்கச் சொன்னேன்.
அதில் உறை தொங்கினால்தான் சுவிட்சைத் தொடலாம்.
சுருளுக்கு ஒரு பிரஷ், அதுவும் மெஷின் நின்ற பிறகு.
தகட்டைக் கை பிடிக்க வேண்டாம்,
வைஸ் பிடிக்கட்டும்.

வைஸ் மூவாயிரத்து எழுநூறு.
சார் முகம் சுளித்தார்.
பேரேட்டைத் திருப்பி வைத்தேன்:
நாற்பத்தொரு வலது உறை, ஒன்று தொண்ணூறு,
மூவாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு
சும்மா தூங்குது சார்,
மிச்சப் பத்து ரூபாய் நான் போடுகிறேன்.
கலாசிப்பாளையத்தில் இடதை மட்டும் தனியாக விற்கிற
கடை ஒன்று உண்டென்பதையும் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை. வைஸ் வந்தது.

பத்து வாரம் கழித்து ருத்ரேஷ் வந்தான்.
'அக்கா, வலது ஒண்ணு கொடுங்க.'
போட்டுக்கொண்டான்.
ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில்
தோல் மடிந்து தொங்கியது,
எதையோ தேடுகிற மாதிரி.
தொங்குவது எங்கேயாவது மாட்டும்.
'கழற்று' என்றேன்.

கத்தரியால் பாதியில் வெட்டி
கோணி ஊசியில் தைத்தேன்.
ஏழு தையல்.
'ஸாகு அக்கா, ஸாகு' என்றான்.
இன்னும் இரண்டு போட்டேன்.

பேரேட்டில் கழிவுக் கட்டத்தில் எழுதினேன்:
வலது ஒன்று. விரல் குறைத்தது.