செங்கீழ்

இரண்டு மைக்ரோலீட்டர்.
சுழற்றிப் பிரித்த இரத்தத்தின் மஞ்சள்,
வெளுத்த பிளேன்டீ நிறம்.
படிகத்தின் மேல் வைத்துவிட்டு
காயட்டும் என்று பார்த்திருக்கிறேன்.

கொழும்பில் சில நிமிடத்தில் காயுமாம்.
இது டிக்கோயா, ஜூலை;
துவைத்த மேலங்கியே மூன்று நாளாய் ஈரம்.
ஜன்னலைச் சாத்தினாலும்
பனி சாவித்துவாரத்தால் நுழைந்து
துளியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.
தண்ணீர் இருக்கும்வரை தண்ணீர்தான் பேசும்,
மற்றதெல்லாம் அதன் சத்தத்தில் அமுங்கிப்போகும்.

மரியசெல்வம், முப்பத்தெட்டு வயது.
கவ்வாத்துக் கத்தி கெண்டைக்காலில் பட்டு ஐந்து நாள்.
"வீட்ல நின்னா அரைப்பேர்கூட இல்லன்னு போயிட்டாரு."
துண்டில் எழுதாத இந்த வரியை
குப்பியோடு சேர்த்துத் தந்துவிட்டுப் போனாள் மனைவி.

ஒளியை விடுகிறேன்.
எங்கள் பாடப்புத்தகத்தில் இது செங்கீழ்,
இந்தியப் புத்தகத்தில் அகச்சிவப்பு.
சிவப்புக்கும் கீழே, கண் கைவிடும் இடத்தில்
புரதம் தன் நடுக்கத்தை நடுங்குகிறது,
கொழுப்பு தன்னுடையதை.
மூச்சை அடக்கிக்கொள்கிறேன்,
நான் விடும் காற்றும் கோட்டில் விழும்.

ஆயிரத்து அறுநூற்றைம்பதை நெருங்கும்போது
கோடு ஒரு தோளை இறக்கியது.
நேற்றுப் பார்த்த மலைதான்,
இரவு மழையில் ஒரு பக்கம் சரிந்த மாதிரி.

கிருமியின் பேர் இந்தப் பெட்டிக்குத் தெரியாது.
உடம்பு கலங்கிவிட்டது என்று மட்டும் சொல்லும்,
அதையும் நூற்றுக்கு எண்பத்தொன்று என்று.
பேர் கண்டியிலிருந்து வர வேண்டும்,
கல்ச்சர் வளர்ந்து, மூன்றாம் நாள்.

ஆய்வு முடியும்வரை
வார்ட்டுக்கு ஒரு சொல் போகக்கூடாது.
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வேறு யாருடையதோ சீனி ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு
படியேறினேன்.
டொக்டர் நிலூஷா அவர் நகத்தை அழுத்தி விட்டு
வெளுப்பு மறுபடி சிவக்கும் நேரத்தை
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.
நிமிர்ந்தார்.
நான் எதுவும் சொல்லவில்லை.
என் முகத்தில் எந்த இடம் தாழ்ந்ததோ,
எந்த அலைநீளத்திலோ,
"மிஸி, அந்தப் போத்தலை இப்பவே ஏத்துங்க."

சீட்டைப் பிறகு பார்த்தேன்.
மருந்து எழுதிய நேரம் நாலு பத்து.
என் கோடு வந்தது நாலு இருபத்தைந்துக்கு.
அவர் விரல் எனக்கு முன்னமே போயிருந்தது.
'இப்பவே' மட்டும்
என்னுடையதாக இருக்கலாம்.

கீழே வந்து ஸ்பிரிட்டால் படிகத்தைத் துடைத்தேன்.
அடுத்த துளிக்கு முன்
வெறுமையையும் ஒருமுறை அளந்தாக வேண்டும்.
வெறும் படிகத்துக்கும் ஒரு கோடு உண்டு:
இந்த அறை, இந்தப் பனி,
கதவருகில் நின்று
இன்னும் வெளியே விடாத என் மூச்சு.