பதினோராம் கேள்வி

அறுபது தாளிலும் ஜெராக்ஸ் மிஷின்
ஒரு கறுப்புக் கோடு இழுத்திருந்தது,
சரியாக வயதுப் பெட்டியின் குறுக்கே.
பதினைந்திலிருந்து இருபத்து நாலு வரை எங்கள் இலக்கு.
கோட்டுக்கு எந்தப் பக்கம் டிக் அடிக்க என்று
பாம்பன் முழுக்கக் கேட்டார்கள்.

பாட்டு மர்ஜானாவுடையது. மூன்று நிமிடம் நாற்பது நொடி.
ஷாட் லிஸ்ட் பிரிட்டோவுடையது:
பாலத்துக்கு மேல் ட்ரோன்,
தனுஷ்கோடியில் இடிந்த சர்ச்,
அதற்குள் ஓடும் வெள்ளைத் துப்பட்டா,
கடைசியில் சூரியன்.
நான் எண்ணுகிறவள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
ட்ரோனுக்கு அட்வான்ஸ் ஐந்நூறு கொடுத்தாயிற்று என்பதை
முதல் தாளைக் கொடுக்கும் முன்பே குறித்து வைத்தேன்.

"பாலமா? மறுபடியுமா?
எங்க கக்கூஸ் ஜன்னல்ல தெரியிது தம்பி அது."
முதல் நாளே பதினேழு பேர், வேறு வேறு வார்த்தையில்.
சர்ச்சுக்கு ஒன்பது.
துப்பட்டாவுக்குச் சிரிப்பு;
அதை எந்தக் கட்டத்தில் போட?

ஐஸ் கம்பெனிப் பையன்கள் எட்டு நொடி தருவார்களாம்.
அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் தள்ளிவிடுவார்கள்.
செல்வின் மட்டும் எல்லாப் பாட்டையும் முழுக்கப் பார்ப்பவன்.
அவ்வளவு பிடிக்குமா என்றேன்.
"ஈர விரலுக்கு போன் அசையாதுக்கா.
கை காயிற வரைக்கும் எது ஓடுதோ அதுதான்."
'முழுமையாகப் பார்ப்பவர்' என்ற இடத்தில்
அவனைச் சேர்த்தேன், அழித்தேன், சேர்த்தேன்.

பதினோராம் கேள்வி: பாட்டை எதில் கேட்பீர்கள்?
ஹெட்போன். ஸ்பீக்கர்.
இரண்டே கட்டம், நாங்களே யோசித்துப் போட்டது.
தாள்களின் ஓரத்தில் மூன்றாவதாக ஒன்று
கோணல் கோணலாய் வரத் தொடங்கியது:
சத்தம் வைக்க மாட்டேன்.
போட்டில் இஞ்சினுக்கு மேல் என்ன கேட்கும்.
பிள்ளை இப்போதான் தூங்குச்சு.
மாமியார்.
அப்படியே, ஒரே சொல்: மாமியார்.
ஐம்பத்தேழில் இருபத்து மூன்று.

சின்னப்பாலத்துக் கரையில் பாசி உலர்த்திக்கொண்டிருந்த
நம்புக்கனிக்கு நாற்பத்தொன்று. இலக்கில் இல்லை.
தாள் மிஞ்சியதால் கேட்டோம்.
விரலில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே சொன்னாள்:
"நாலு நாள் சேந்தாப்புல முங்குனா
காதுக்குள்ள கடல் அடைச்சிக்கிரும். படம் மட்டும்தான் ஓடும்.
பாடுறவ வாயக் காட்ட மாட்டேங்குறாங்களே, ஏன்?
என்னேரமும் கடலக் காட்டுறானுங்க."

திரும்பும் பஸ்ஸில் மர்ஜானா பேசவில்லை.
மண்டபம் தாண்டியதும்,
"அப்ப என் ட்யூன் எதுக்கு" என்றாள்.
உச்சிப்புளியில் மறுபடி:
"இருபத்து மூணா? நல்லா எண்ணுனியா?"
எண்ணினேன். ஒன்று கூடிவிட்டது.

லிஸ்ட்டை அடித்தோம். ட்ரோன் போனது, ஐந்நூறோடு.
தாளம் கண்ணுக்குத் தெரிகிற இடங்களைத் தேடி
இரண்டு வாரம் அலைந்தான் பிரிட்டோ.
ஐஸ் உடைக்கும் கட்டை.
அலை வந்து தட்டும் அலுமினியத் தட்டு.
ஏலக்காரர் விரல்கள், விலை ஏற ஏற.
சரணம் முழுக்க மர்ஜானாவின் வாய், வெகு கிட்டத்தில்,
பல்லில் கட்டிய கம்பியோடு.
இதற்கு அவளைச் சம்மதிக்க வைக்க
எந்தப் புள்ளிவிவரமும் உதவவில்லை.
சண்டைதான் உதவியது.

ஒரு செவ்வாய்க்கிழமை, போனில் எடுத்த வெள்ளோட்டத்தைக்
கரையில் வைத்தே காட்டினோம், சத்தத்தை அணைத்து.
நம்புக்கனி இரண்டு முறை பார்த்தாள்.
கால் பெருவிரல் மணலைத் தட்டியது,
அரைத் தாளம் பிந்தி.
பிரிட்டோ என்னை இடித்தான்: "குறிச்சுக்க, குறிச்சுக்க."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "எதப் பத்தின பாட்டு?"

பதினான்கு கேள்வி எழுதிய மூன்று பேரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"எடது காது கொஞ்சம் தொறந்துருக்கு."

மர்ஜானா எழுந்து
அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.