இடது முழங்கால்

கிடினியா துறைமுகத்தில் கப்பல் பெயின்ட் விற்கிறேன்.
சம்பளமில்லாமல் ஒரு நாட்டுக்குத் தூதரும் கூட.
துவாலு.
மொத்த சனமும் கிளம்பி வந்தாலும்
எங்கள் ஊர்க் கால்பந்து மைதானத்தில்
நின்றுகொண்டு ஆட்டம் பார்க்கும் நிலை யாருக்கும் வராது.

மூன்று வருடத்தில் என்னைத் தேடி வந்தவர்கள்:
தபால்தலை சேர்ப்பவர் இருவர்,
அங்கே வரி உண்டா என்று விசாரித்த ஒருவர்.

ஜனவரி. இரவு பத்தேகால். மருத்துவமனையிலிருந்து போன்.
"உங்க ஆள் ஒருத்தர் இங்க இருக்கார்" என்றாள் பதிவுக்காரி.
எனக்கு ஆள் என்று
அதுவரை யாரும் இருந்ததில்லை.

லொட்டோஆலா. கப்பல் சமையற்காரர்.
குடல்வால் எடுத்து ஆறு நாள்.
கப்பல் காத்திருக்கவில்லை;
பாஸ்போர்ட்டும் கேப்டனின் இழுப்பறையில் படுத்தபடி
சாந்தோசுக்குப் போய்க்கொண்டிருந்தது.
கணினிப் பட்டியலில் துருக்கி இருந்தது,
துருக்மெனிஸ்தான் இருந்தது,
அப்புறம் நேரே உகாண்டா.
'மற்றவை' என்று அமுக்கியிருந்தாள்.
மற்றவை, போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு
என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஃபுனாஃபுட்டியில் அப்போது மறுநாள் காலை.
நாலாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள்,
பின்னால் சேவல் கூவியது.
கைரேகை, பிறப்புச் சான்று, விண்ணப்ப எண் எல்லாம் குறித்துக்கொள்ளப்
பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.
அவள் கேட்டது இதுதான்:
"இடது முழங்கால்ல பிறை மாதிரி தழும்பு இருக்கா, பாருங்க."
ஒன்பது வயதில், விமான ஓடுபாதையில்
சைக்கிளோடு விழுந்தானாம்.
பின்னால் உட்கார்ந்திருந்தது இவள்.

போர்வையை விலக்கினோம்.
இருந்தது.

அங்கே அத்தோடு வேலை முடிந்தது.
இங்கே எல்லைக் காவல் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.
"சரிபார்த்தது யார்?"
வெளியுறவுத் துறை.
"துறையில் யார்?"
மூத்த அலுவலர்.
சித்தி மகளா என்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

அவசரச் சான்றிதழைக் கடையிலேயே தட்டச்சு செய்தேன்.
முத்திரை பத்திரமாக இருந்தது.
மை காய்ந்து ஓடாகிக் கிடந்தது,
ஒருநாளும் திறக்காத டப்பி.
அலமாரியிலிருந்து நீலம் நாற்பத்தொன்று,
இரண்டு சொட்டு தின்னர்,
விரலால் குழைத்து அழுத்தினேன்.
சான்றிதழ் செல்லுபடி ஏழு நாள்.
பெயின்ட், உப்புநீரில் ஐந்து வருடம்,
கம்பெனி உத்தரவாதம்.

விமானம் மாறும் ஒவ்வொரு ஊரிலும்
மேசைக்குப் பின்னாலிருந்து யாரோ என்னை அழைத்தார்கள்.
இப்படி ஒரு நாடு இருக்கிறதா?
இருக்கிறது, என்றேன் தூக்கத்தில்.
இருக்கிறது, என்றேன் வாயில் பற்பசை நுரையோடு.
இருக்கிறது, இருக்கிறது,
எழுத்துக்கூட்டிச் சொல்லட்டுமா?

ஐந்தாம் நாள் போன் அடிக்கவில்லை.
சார்ஜ் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.
பிறகு ஒரு நார்வேக்காரர் வந்தார்.
சிவப்பு வேண்டுமாம்,
கப்பலின் அடிவயிற்றுக்கு,
நாற்பது லிட்டர்.