இரண்டாவது எங்கே

எழுபத்தொன்றாம் வருஷத்து மஞ்சள் போர்ஷே.
எஞ்சின் என் முதுகுக்குப் பின்னால்,
அதற்கும் பின்னால் கியர்பெட்டி.
என் கையிலிருந்து அங்கே போய்ச்சேர
ஒரு நீண்ட கம்பி, வழியெல்லாம் மூட்டுகள்.
நான் சொல்லி அனுப்புவது ஒன்று,
அங்கே கேட்பது வேறு.

முதல் கியர் இடப்பக்கம், கீழே.
அதற்கு நேர் மேலே ரிவர்ஸ்.
இரண்டாவது அதற்குப் பக்கத்தில், எங்கேயோ.
கிணற்றில் விழுந்த வாளியைப்
பாதாளக் கரண்டியால் துழாவுகிற மாதிரி
ஓபிச்சினா மேட்டில் துழாவினேன்.
பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஃபுர்லானிச் பட்டறை மேசையைத் துடைத்துப் பரப்பினார்.
குட்டைக் கம்பி, ஜெர்மனியிலிருந்து, பளபளவென்று.
ரிவர்ஸ் பக்கம் தவறிப் போகவிடாத ஸ்பிரிங் தடுப்பு.
பிளாஸ்டிக் பையில் நான்கு நைலான் புஷ்,
விலை இரண்டு பேர் மீன் சாப்பிடுகிற காசு.

"கம்பி குட்டையானால் கை போகிற தூரம் குறையும், டாக்டர்.
பலம் கூட வேண்டும்.
நெம்புகோல் யாருக்கும் கடன் கொடுக்காது.
உங்கள் கைக்கு எது பிடிக்கிறதோ."

கை.
இருபத்தாறு வருஷம் பல் பார்த்த கை.
ஊசி எனாமலில் வழுக்குகிறதா
சொத்தையில் ஒட்டுகிறதா என்று
கண்ணுக்கு முன்னால் சொன்ன கை.
ஜனவரியிலிருந்து
கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும்
கழற்ற முடியாத கையுறைக்குள்.
ஒன்டினாவிடம் சொல்லவில்லை.
கிளினிக் கடனில் அவள் கையெழுத்தும் இருக்கிறது.

எந்தக் கம்பி, எந்தக் கம்பி என்று
நான்கு மாதம் விலைப்பட்டியல் புரட்டியதெல்லாம்
இதற்குத்தான்:
மழுங்கியது வண்டியா, நானா.

அவர் போன் பேச வெளியே போனார்.
கிளட்சுக்கு ஒரு விளக்குமாற்றுக் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுப்
பக்கத்து சீட்டில் ஏறினேன்.
இடது கையால் பிடித்தேன்.
யார் பல்லையும் பிடுங்கியறியாத கை,
பொய் சொல்லத் தெரியாது.
முதல். மேலே. பக்கம்.
எங்கேயோ.
மறுபடியும். எங்கேயோ!
சத்தமாகச் சிரித்துவிட்டேன்,
திருட்டுக் கேஸில் கூட்டாளி கிடைத்தவள் மாதிரி.

பழைய புஷ் வெளியே வந்தது.
ஊறிய ரஸ்க். தொட்டதும் உதிர்ந்தது.

"புஷ் நான்கும் போடுங்கள். ஸ்பிரிங்கும்.
கம்பி பழைய நீளமே இருக்கட்டும்."
"ரேஸ் ஓட்டுகிறவர்களெல்லாம்..." என்று இழுத்தவர்
நான் மணிக்கட்டைப் பிடித்துவிடுவதைப் பார்த்து
பாதியில் நிறுத்தினார்.
ஒன்றும் கேட்கவில்லை.
கியர் குமிழ்கள் கிடந்த தகர டப்பாவை
என் பக்கம் நகர்த்தினார்.
தோல். வால்நட் மரம். அலுமினியம்.
மரம்தான் கைக்கு இதம் என்றார்.
இதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

இன்று காலை போரா காற்று
துறைமுகத்தில் குப்பைத்தொட்டிகளை உருட்டுகிறது.
அலுமினியம் உள்ளங்கையைக் கடிக்கிறது.
கடிக்கட்டும், அந்த மட்டும் இருக்கிறதே.
மேட்டில் முதல், மேலே, ஸ்பிரிங் ஒரு தள்ளு தள்ள
இரண்டாவது விழுந்தது,
முதலில் கேட்டது சுண்டுவிரலுக்கு.

செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு நரம்பு டாக்டர்.
ஒன்டினாவுக்குத் திங்கள் ராத்திரி.
இப்போது பின்னால் அதே பஸ்.
மூன்றாவது, நேர் கீழே.