இடது பக்கம்

பயாகோவுக்கு வடக்கே, நெடுஞ்சாலை ஓரம்,
இரவு பத்திலிருந்து விடிகாலை ஆறு வரை
எடைமேடைக்கு நான்தான் காவல், கணக்கு, கூட்டுவதும் நானே.
மழை பெய்தால் இங்கே செய்தியில்லை,
நின்றால்தான்.

லாரி ஏறும். எண் எரியும். சீட்டு கிழிப்பேன்.
ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவே
சில இரவு நாற்பது நிமிடம் கிடைக்கும்.
அந்த நாற்பதுகளில் செய்ததுதான் இந்த வண்டி.

பட்டறை என்றால் மேசையில் ஒரு இழுப்பறை.
உள்ளே கம்பி போல் மெலிந்த ரம்பம் ஒன்று, பல் போன அலகு இரண்டு,
தங்கை மறந்துவிட்டுப் போன நக அரம்,
ஒயின் புட்டியின் உடைந்த சில்லு
(இழைப்புளிக்குப் பதில் அதுதான்.
சுருள்சுருளாகச் சீவல் வரும், நம்பமாட்டீர்கள்),
கையால் சுற்றும் துளைக்கருவி:
மூன்று தாடைகளில் ஒன்று எப்போதும் விடுப்பில்.

கடைசல் இயந்திரம் இல்லாமல் சக்கரமா?
துடைப்பக் கட்டையை வட்டுவட்டாக அறுத்தேன்.
நடுவில் ஆணி. ஆணியைத் தாடையில் மாட்டி
ஒரு கை சுற்ற, ஒரு கை உப்புத்தாள் பிடிக்க,
கருவியை யார் பிடிப்பது?
முழங்கால்.
அறுத்தது முப்பத்தொன்று, உருண்டது இருபத்திரண்டு.
கட்டை என்ன பருமனோ அதுதான் அளவுகோல்.
சக்கரம் சொன்ன சொல்லுக்கு
ஆப்பிள் பெட்டிப் பலகை முழுக்கக் கட்டுப்பட்டது.

யாருடைய லாரி என்றால், நோல்ஃபா பாரியாவுடையது.
செவ்வாய், வெள்ளி, இரண்டரை மணிக்கு வருவாள்.
மேடையில் நிற்பது ஒன்றரை நிமிடம்.
ஒரு முறைக்கு ஒரு பாகம் என்று பார்த்துவைப்பேன்.
ஒரு நாள் டீசல் தொட்டியின் பட்டை,
ஒரு நாள் ஏணிப்படி, ஒரு நாள்
மண்காப்பில் திருகுகள் எத்தனை என்று மட்டும்.
ஏழு.
முன்வலைக்குத் தீக்குச்சி பதினேழு.
சுமைக்குத் தைலமரமே:
அவள் வண்டியிலிருந்து மேடையில் உதிர்ந்த குச்சிகள்,
பட்டையோடு, வாசனையோடு.

ஆகஸ்டில் ஒரு வெள்ளி முடிந்தது.
யாரும் இல்லை என்று
மேடையின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.
திரையில் பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும்
அதற்குத் தெரியாது.

சிரித்துக்கொண்டு நின்றபோது வெளிச்சம் விழுந்தது.
நோல்ஃபா இறங்கி வந்தாள். குனிந்தாள்.
கையில் எடுத்து வலது பக்கம் பார்த்தாள்,
விரலால் திருகுகளை எண்ணினாள்.
திருப்பினாள்.

"இந்தப் பக்கம் யாருடைய வண்டி?"

என் ஜன்னல் வலது பக்கத்தைத்தான் பார்க்கும்.
சீட்டு வாங்க அவள்தான் சுற்றி வருவாள்.
ஆறு வருடம். தெரியாத பக்கத்துக்குத்
தெரிந்த பக்கத்தையே திருப்பிப் போட்டிருந்தேன்,
தொட்டிக்குத் தொட்டி, படிக்குப் படி.

"வா" என்றாள்.

தொட்டி இல்லை அங்கே, பாட்டரிப் பெட்டி.
ஏணியில் ஒரு படி இல்லை.
கதவு மஞ்சள். நீல வண்டியில் ஒரு மஞ்சள் கதவு,
சுரண்டியும் போகாமல் வேறு யாரோ பெயரின் பின்பாதி.

"எப்போது?"
"மூன்று வருடம். ஓசோர்னோ இறக்கத்தில்.
ஐந்து வாரம் ஆஸ்பத்திரி.
திரும்பி வந்த இரவு நீதான் எடை போட்டாய்.
நாற்பத்துநாலு டன், எல்லாம் சரி என்றாய்."

பின்னால் அடுத்த லாரி ஹாரன் அடித்தது.
அவள் ஏறும்போதுதான் பார்த்தேன்:
இல்லாத படியைத் தாண்டுவதற்கு
வலது காலைக் கையால் தூக்கிவைக்கிறாள்.

சில்லு கொண்டு இடது பக்கத்தைச் சுரண்டினேன்.
தொட்டி போனது. படி ஒன்று போனது.
கதவுக்கு மஞ்சள்தான் இல்லை.
நீல மையும் கறுப்பு பாலிஷும் இருக்கின்றன.
மஞ்சள் எங்கே போய்த் தேட?

எடைச்சீட்டின் நகல் தாள் மஞ்சள்.
இன்றைய தேதி, அவள் பெயர், நாற்பத்துமூன்று டன் சொச்சம்.
கதவளவுக்கு வெட்டி, எழுத்து உள்ளே போக
ஒட்டிவிட்டேன்.

மாதக் கடைசியில் கணக்கில்
ஒரு நகல் குறையும்.
கேட்பார்கள்.