வடக்கு அறை

புதுப் பெயிண்ட் வாசம் தெருவிலேயே வந்து
எதிர்கொண்டது.
அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

தரகர் நைனா முகமது கையை விரித்தார்:
மண்டபத்தில் இந்த விலைக்கு
கடல் தெரியும் மொட்டைமாடி, தனிப் பட்டா.
கடல் தெரிந்தது, உண்மைதான்.
கைப்பிடிச் சுவர் பிளந்து
துருக்கம்பி தெரிந்ததும் உண்மை.

கொத்தனார் சவரியான் பேசுகிற ஆளில்லை.
ஐந்து ரூபாய்க் காசால்
சுவரைத் தட்டிக்கொண்டே போனார்.
டக், டக், டக்.
வடக்கு அறையில் மட்டும் பொத், பொத்.
காசை என்னிடம் தந்துவிட்டு
பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டார்.

விரலால் தேய்த்து
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
ஆற்று மணல் என்று சொல்லியிருந்தார்கள்.
கருவாட்டுக்குப் போடலாம்.

சுவர் அலமாரியைத் திறந்தேன்.
உள்ளே பெயிண்ட் எட்டியிருக்கவில்லை.
இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு,
ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல.
எந்தப் புயலில் என்றேன்.
வீட்டுக்காரர் மின்விசிறியைப் போட்டுக் காட்டினார்.

அவர் மனைவி பவுலின் டீ கொண்டுவந்தாள்.
நல்ல டீ.
எந்தத் தண்ணி என்றேன்.
லாரித் தண்ணி, குடம் பன்னிரண்டு ரூபா
என்று சொல்லிவிட்டு
கணவனைப் பார்த்தாள்.
முற்றத்தில் போர் மோட்டார் புதிதாக மின்னியது.

இரண்டு லட்சம் குறைத்துக் கேட்டேன்.
நைனா நெஞ்சில் கை வைத்தார்.
ஒன்றேகாலில் வந்து நின்றது.
அதற்குள் சவரியானுக்கு மூன்றாவது பீடி.

யோசித்துச் சொல்கிறேன் என்று
செருப்பை மாட்டும்போது
பவுலின் பக்கத்தில் வந்தாள்,
டம்ளர் எடுப்பதுபோல.

"பிள்ளைங்கள அந்த ரூம்ல படுக்க வைக்காதீங்க.
எம்மவனுக்கு அங்கதான் இளைப்பு வந்துச்சு."