புரட்டாசியில் ஒரு விருந்தாளி

சிறுநீரகம் வந்தது வியாழக்கிழமை ராத்திரி,
ஐஸ் பெட்டியில், கேட்டோ மேனர் பெரிய ஆஸ்பத்திரிக்கு.
யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். சட்டம்.
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட்டில்
சட்டத்தை யார் கேட்டார்கள்?

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தினார்கள்.
வெள்ளைக்காரனா? சூலுவா?
போன வாரம் பீனிக்ஸ் பக்கம் பைக்கில் போன பையனா?
திருமதி கன்னியப்பன் மட்டும் நேராகக் கேட்டாள்:
"மாட்டுக்கறி தின்ன உடம்போ என்னமோ.
புரட்டாசி வருதே, என்ன செய்யப் போறே?"

என்ன செய்வேன்?
சட்டி பானையெல்லாம் புளி போட்டுக் கழுவி
பருப்பும் பூசணியும் வைத்தேன்.
அவருடைய வலப்பக்க அடிவயிற்றில், தையலுக்கு உள்ளே,
பேர் தெரியாத அதுவும் எங்களோடு விரதம் இருந்தது.
தண்ணீர்தான் நிறையக் கேட்டது.

எந்தத் தெருவில் எவன் இருக்கலாம் என்று
ஒரு காலத்தில் இங்கே எழுதி வைத்திருந்தார்கள்.
கேட்டோ மேனர் வீட்டை இடித்து
தகரத்தையும் ஒரே ஒரு கதவையும் லாரியில் ஏற்றி
இங்கே வந்து இறங்கியவர் என் மாமனார்.
அந்த மேட்டில்தான் இப்போது ஆஸ்பத்திரி.
அங்கேதான், எந்த அனுமதிச் சீட்டும் இல்லாமல்,
அவர் மகனுக்குள் யாரோ குடிவந்தார்கள்.

தனபாலன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ஆறு வருஷம் முன்பு, தலையில் அடிபட்டு,
மெஷின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது
நொம்பிலோ என்று ஒரு நர்ஸ் வந்தாள்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
எங்கள் உயரத்துக்கு உட்கார்ந்து கேட்டாள்.
நெருப்புக்கு முழுசாகக் கொடுக்கணும் என்றார் மாமா.
அடுத்த பிறவியில் குறையோடு பிறப்பார் என்றாள் அண்ணி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தைப்பூசம் தவறாமல் முதுகில் நாற்பது கொக்கி மாட்டிக்
காவடி எடுத்தவன் அவன்.
முருகனுக்குத் தோலைக் கொடுத்தபோது
முழுசா குறையா என்று யாரும் பார்க்கவில்லை.

முழுசாகவே எரித்தோம்.
சாம்பல் ஒரு பிஸ்கட் டின் அளவு.

அடுத்த வருஷம் இவருக்கு டயாலிசிஸ்.
ஈஸ்டர் லீவில் ரோட்டு விபத்துக் கணக்கை
ரேடியோ வாசிக்கும்போது
சமையலறையில் நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று அந்த ஃபாரம் வந்தது. நானே கேட்டு வாங்கியது.
சிறுநீரகம், சரி. ஈரல், சரி.
இதயம், எடுத்துக்கொள்ளட்டும்.
கண் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.
அங்கே போய் அண்ணனை எப்படி அடையாளம் காண்பேன்?
பைத்தியக்காரத்தனம்தான், தெரியும்.
பேனாவை இன்னும் மூடவில்லை.

மணி இரண்டு. குளியலறையில் விளக்கு.
நாலு வருஷம் ஒரு சொட்டுக்கு ஏங்கிய மனுஷன்
நிதானமாக நின்று பெய்கிற சத்தம்,
தகரக் கூரையில் டர்பன் மழைபோல.
எங்கோ ஒரு வீட்டில்
இந்நேரம் எழுந்து விளக்குப் போட ஆளில்லை.
படுத்தபடியே கேட்கிறேன்,
அது நிற்கும்வரை.